அத்தியாயம் 7: எபாக்ஸியில் எந்தப் பொடி?

பொடி வாங்கக் கடைக்குப் போகும் முன், அதைப் பூசப்போகும் இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அங்கே என்ன சிந்துகிறது, எது உரசுகிறது, எவ்வளவு சூடு ஏறுகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வேறு ஊர்களில் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லத் தேவையில்லை. பாலாற்றை ஒட்டிய நம் தோல் பகுதியில் சொல்லியே ஆக வேண்டும். ஆம்பூரிலோ, வாணியம்பாடியிலோ, பேரணாம்பட்டிலோ, மேல்விஷாரத்திலோ ஒரு டேனரிக்குள் நுழைந்து ஐம்பதடி நடந்தால் தரையின் குணம் மூன்று முறை மாறிவிடும். பச்சைத் தோல் இறக்கும் கூடத்தில் உப்பு. சுண்ணாம்புத் தொட்டியருகே பிஎச் 12 அளவிலான காரம். பிக்கிள் நடக்கும் டிரம்முக்குக் கீழே உப்பும் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும் கலந்த, பிஎச் 3-ஐ ஒட்டிய தண்ணீர். பக்கத்து ஷூ கம்பெனிக்குப் போனால் இவை எதுவும் இல்லை. அங்கே சோல் அச்சுக்குச் சூடு கடத்தும் பொருள் வேண்டும். இத்தனை இடத்துக்கும் ஒரே எபாக்ஸி ரெசினை வைத்துச் சமாளிக்கலாம். ஒரே பொடியை வைத்து முடியாது.

இதை நான் ஒரு தரையைக் கெடுத்துத்தான் கற்றேன். பிக்கிள் டிரம்முக்குக் கீழே குழி விழுந்த தரையை அடைத்துக் கொடுத்தேன். ரெசின் நல்லது, ஹார்டனர் அளவு சரி, தரையும் காய்ந்திருந்தது. கையில் இருந்தது வெள்ளைச் சாக் பவுடர். அதையே தாராளமாகக் கலந்தேன். மறுநாள் பார்க்கப் பளிங்கு போல இருந்தது. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது மேற்பரப்பு சொரசொரத்து, நகத்தால் கிள்ளினாலே உதிர்ந்தது. சாக் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் அதைக் கரைத்துக் கரியமில வாயுவாக வெளியேற்றியிருந்தது. கரைந்த இடமெல்லாம் நுண்துளையாகி, அடுத்த அமிலம் உள்ளே போக வழிவிட்டிருந்தது. எபாக்ஸிமீது குற்றமில்லை. பொடியைத் தேர்ந்தெடுத்த கைமீதுதான்.

பொடி செய்யும் வேலை

நீர்த்த ரெசினைப் பொடி கெட்டியாக்கும். செங்குத்துச் சுவரிலும் வழியாமல் நிற்கவைக்கும். இறுகும்போது பிறக்கும் சூட்டையும் சுருக்கத்தையும் குறைக்கும். கடைசியாக, தன் குணத்தைக் கலவைக்குக் கொடுக்கும்: கல் தூள் கடினத்தை, மாக்கல் இழைக்கும் எளிமையை, அலுமினியம் சூடு கடத்தலை. ஆனால் ஒட்டும் சக்தியைப் பொடி கூட்டாது. அது ரெசினும், நீங்கள் சுத்தம் செய்த பரப்பும் தருவது.

வாங்கிய பொடியைச் சோதிப்பது

கடையில் மூட்டைமேல் எழுதியிருப்பதை நம்பி மட்டும் வேலை தொடங்காதீர்கள். ‘சிலிக்கா’ என்று டோலமைட்டைக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனைகளுக்கு அரை மணி நேரம் போதும்; வாணலிச் சோதனையும் ரெசின் சோதனையும் மட்டும் கூடுதல் நேரம் கேட்கும்.

1. எலுமிச்சைச் சோதனை. ஒரு ஸ்பூன் பொடியைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது கார்பனேட்: சாக், பளிங்குத் தூள் வகை. டோலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும். ஆகவே வினிகரை லேசாகச் சுடவைத்து ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். நுரைக்கும் பொடி எதையும் அமிலம் சிந்தும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

2. சுண்ணாம்புத் தண்ணீர்ச் சோதனை. உலோகப் பொடிக்கு மட்டும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். குமிழி வந்தால் அலுமினியமோ துத்தநாகமோ இருக்கிறது. வெளிவருவது ஹைட்ரஜன். திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள், பாத்திரத்தை மூடாதீர்கள்.

3. காந்தம். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிப் பொடிமேல் நகர்த்துங்கள். கல் தூளில் இரும்பு ஒட்டினால், உப்புத் தண்ணீர் படும் இடத்தில் துருப் புள்ளி தோன்றும்.

4. வாணலிச் சோதனை. 100 கிராம் கல் தூளை எடைபோட்டு, 110 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, ஆறியதும் மறுபடி எடைபோடுங்கள். அரை கிராம் குறைந்திருந்தாலும் மூட்டை முழுவதையும் உலர்த்த வேண்டும். ஈரம் உள்ள பொடி கலவையில் குமிழியாக வெடிக்கும். உலோகப் பொடியையும் மரத்தூளையும் ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள்.

5. ஒரு இரவு ரெசினில். ஹார்டனர் சேர்க்காத ரெசினில் பொடியைக் கலந்து மறுநாள் காலை பாருங்கள். அடியில் படிந்திருந்தால் பொடி பெருவெட்டு, அல்லது கனம் அதிகம். அதைத் தாங்கிப் பிடிக்க வேறொரு பொடி துணைக்கு வேண்டும்.

பொடிகள்

சிலிக்கா. நம் பகுதிக்கு முதல் பொடி இதுதான். குவார்ட்ஸ் கல்லை அரைத்த தூள். அடர்த்தி 2.65. டேனரியில் புழங்கும் அமிலங்களும் சுண்ணாம்பும் சாதாரண வெப்பத்தில் இதை ஒன்றும் செய்வதில்லை. பிக்கிள் தரை, குரோம் டிரம் சுற்றுப்புறம், கழிவுநீர்க் கால்வாயின் உதடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்த எடை 100 என்றால் தூள் 100 முதல் 200 வரை தாங்கும். தூளோடு 1–2 மி.மீ. சிலிக்கா மணலையும் சேர்த்துக் காரையாக்கினால் 500 வரை போகும். பெருமணல், சிறுமணல், தூள் மூன்றும் சேர்ந்தால்தான் இடைவெளி நிரம்பும். ஒரே அளவு மணல் ரெசினை அதிகம் குடிக்கும். குறை ஒன்று உண்டு: அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பாதுகாப்புப் பகுதியைப் படிக்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

பேரைட்ஸ். பேரியம் சல்ஃபேட். அடர்த்தி 4.3-க்கு மேல், கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் உலகின் மிகப் பெரிய படிவுகளில் ஒன்று இருப்பதால் நமக்குக் கிடைப்பது எளிது. அமிலத்தில் கரையாது. மென்மையானது, ரெசினை அதிகம் குடிக்காது. அமிலத் தரைக்கு மேல்பூச்சு வழவழப்பாக வர வேண்டுமென்றால் சிலிக்காத் தூளில் பாதியை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கலாம். கனத்தால் அடியில் படியும்; ஃபியூம்டு சிலிக்கா துணை அவசியம்.

மாக்கல் தூள். கடையில் டால்க் என்று கேளுங்கள். அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது. இழைக்க, உப்புத்தாள் தேய்க்க எளிது. மரக் கதவு, மேசை விளிம்பு, மெஷின் மூடியில் விழுந்த பள்ளம் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஆனால் மென்மையானது, தள்ளுவண்டிச் சக்கரம் ஓடும் தரைக்கு ஆகாது. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை எடுக்காதீர்கள். அதில் வாசனைப் பொருளும் வேறு சேர்க்கையும் இருக்கும்.

சாக். மலிவு, வெள்ளை, நன்றாகக் கலக்கும். அலுவலக அறை, கிடங்குச் சுவர், உலர்ந்த தையல் கூடம், இங்கெல்லாம் தாராளமாகப் போடுங்கள். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கத்திலும் கரையாது. அமிலப் பக்கம் மட்டும் வேண்டாம். கல் கோலமாவும் பெரும்பாலும் இதே இனம்தான், எலுமிச்சை சொல்லிவிடும்.

ஃபியூம்டு சிலிக்கா. பஞ்சு போல இருக்கும்; ஒரு பெரிய பை நிறைய இருந்தும் தூக்கினால் எடையே தெரியாது. மேட்டூரிலேயே தயாராகிறது. இதை நிரப்புப் பொடியாக எண்ணாதீர்கள். வழியாமல் நிற்கவைக்கும் பொடி இது. நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு போதும். கரண்டியால் கிளறும்போது இளகும், விட்டதும் நிற்கும். சுவர்ப் பூச்சுக்கும், கனமான பொடி படியாமல் இருக்கவும் எப்போதும் ஒரு டப்பா வைத்திருங்கள். தனியாக அதிகம் போட்டால் இறுகியபின் தேய்க்கவே முடியாத அளவு கடினமாகும்.

அலுமினியம். சோல் அச்சு வேலைக்கு. அடர்த்தி 2.7. நூற்றுக்கு 100 முதல் 200. அட்டமைஸ்டு வகை என்று கேட்டு வாங்குங்கள். பட்டாசுக்குப் போகும் மெல்லிய செதில் வகை தீப்பொறியில் வெடிக்கும். அதை வாங்கவே கூடாது. அலுமினியம் அமிலத்திலும் கரையும், சுண்ணாம்பிலும் கரையும். ஆகவே டேனரியின் ஈரப் பகுதிக்குள் இதற்கு வேலையில்லை.

இரும்புத் தூளைப் பற்றிச் சுருக்கமாக. உப்பு நிறைந்த நம் தொழிற்சாலைகளில் அது துருப்பிடித்துப் பெருத்து, பூச்சையே பிளக்கும். உலர்ந்த பட்டறையில் மெஷின் அடித்தட்டைச் சமன்செய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் உறை அரித்துப்போனால் சிலிக்கான் கார்பைடு தூள் நல்லது. கார்போரண்டம் என்ற பெயரில் கிடைக்கும். இறுகியபின் அரம் ஏறாது; ஈரமாக இருக்கும்போதே உருவத்தைச் சரிசெய்துவிட வேண்டும். எடை குறைய வேண்டுமென்றால் கண்ணாடி மைக்ரோபலூன், நூற்றுக்கு 10 முதல் 20. மரத்தூள் மரத்துக்கு மட்டும்.

தொடக் கூடாதவை

பஃபிங் தூசி. ‘சார், இதையே போட்டால் என்ன? தினமும் மூட்டை மூட்டையாக வருகிறதே’ என்று நம் பகுதியில் கேட்காதவர் இல்லை. போடாதீர்கள். குரோம் தோலைத் தேய்த்துவரும் அந்தத் தூசியில் குரோமியம் இருக்கிறது. கூடவே எண்ணெயும் ஈரமும். எண்ணெய் ஒட்டவிடாது, ஈரம் குமிழியாகும். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பூச்சை நாளை யாரோ உடைப்பார், தேய்ப்பார், குப்பையோடு கொளுத்துவார். தோலில் உள்ள மூவிணைத்திறக் குரோமியம் எரியும்போது புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைத்திற வடிவத்துக்கு மாறக்கூடும். ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை போட்டுப் பதனிட்ட தோலின் தூசியில் குரோமியம் இல்லை என்பது உண்மை. ஆனால் அது தண்ணீரில் ஊதும். அதுவும் வேண்டாம்.

மஞ்சள் மண். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இன்னும் நம் நிலத்தடி நீரின் கவலையாக இருக்கிறது. இலவச மண், இலவசத் தூள் என்று எவர் கொண்டுவந்தாலும், மஞ்சள் சாயல் இருந்தால் கையால் தொடாதீர்கள்.

கிரானைட் பாலிஷ் சேறு. காய்ந்தபின் அருமையான சாம்பல் தூளாகத் தெரியும். கல் அறுக்கும்போது இரும்புக் குண்டும் சுண்ணாம்பும் சேர்த்திருப்பார்கள். காந்தமும் எலுமிச்சையும் இரண்டையும் காட்டிக்கொடுக்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சுவர்ப் புட்டி, வெள்ளைச் சிமெண்ட் ஆகியவை தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதற்காகச் செய்தவை. எபாக்ஸியில் அவை வெறும் ஈரம் தேடும் மாவு. பழைய பட்டறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் மிச்சமிருந்தால் பிரிக்காமல் ஒதுக்கிவையுங்கள்.

கணக்கு

பெரும்பாலான தோல்விக்குக் காரணம் இந்த ஒரு தவறு. ஹார்டனர் அளவு ரெசினின் எடைக்கு மட்டும். பொடியைச் சேர்த்த மொத்த எடைக்கு அல்ல.

எல்.ஒய். 556 ரெசினுக்கு எச்.ஒய். 951 ஹார்டனர் எடையில் 100-க்கு 10. ரெசின் 100 கிராம், சிலிக்கா 200 கிராம் என்றால் ஹார்டனர் 10 கிராம்தான், 30 அல்ல. கூடுதல் ஹார்டனர் ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் ரெசினோடு பழகியவர்களின் எண்ணம். எபாக்ஸியில் மிச்சமாகும் ஹார்டனர் ஒட்டாமல் உள்ளேயே கிடந்து, பூச்சை இளக்கும், தண்ணீரை இழுக்கும். வேறு பிராண்டு வாங்கினால் அதன் டப்பாவில் உள்ள விகிதமே சட்டம். கடையில் கிடைக்கும் சாதாரண அரால்டைட்டில் கன அளவில் சமபங்கு. எடையில் 100-க்கு 80.

தேவை: ஒரு கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு. பாட்டில் மூடியால் அளக்காதீர்கள்.

பதம்

எண்ணிக்கையைவிட என் கைக்குப் பழகிய அளவுகோல் சமையலறைதான்.

- கரும்புப் பாகு: விரிசலுக்குள் ஊற்ற.
- தோசை மாவு: சமதளத்தில் பரப்ப.
- ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்ப் பதம்: இரண்டு பொருளை ஒட்டி இடைவெளி அடைக்க.
- வடை மாவு: சுவரிலும் விளிம்பிலும் நிற்க.
- புட்டு மாவு: கையில் பிடித்தால் பிடிக்கும், விட்டால் உதிரும். தரைக்காரைக்கு இதுவே பதம்.

பாதுகாப்பு

தொட்டிக்குள் இறங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில் இதுதான். சுண்ணாம்புப் பகுதிக் கழிவில் சோடியம் சல்ஃபைடு இருக்கும். அதில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பிறக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும், ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். தொட்டி, குழி, மூடிய சாக்கடை இவற்றின் உள்வேலை இந்தப் புத்தகத்தை வைத்துச் செய்யக்கூடியது அல்ல. வாயு அளவிடும் கருவியும் காற்றுச் செலுத்தும் ஏற்பாடும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. தரையின் அமிலத்தைக் கழுவும்போதும் அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கால்வாயில் சேராமல் அணைகட்டுங்கள்.

தூசி. முகத்தில் கட்டும் துண்டும் அறுவை முகமூடியும் சிலிக்காத் தூசியைத் தடுக்காது. என்-95 முகமூடி, மூக்கோரம் இடைவெளி இல்லாமல். பொடியை உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். கரண்டியால் ரெசினுக்குள் தாழ்த்திப் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இறுகிய பூச்சைத் தேய்க்கும்போது தண்ணீர்த்தாள்.

தோல். ஹார்டனர் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் போகாது. குரோமால் ஏற்கெனவே கை வெடித்த தொழிலாளர்கள் நம்மிடையே நிறைய. வெடித்த தோலில் ஹார்டனர் எளிதாக இறங்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். மெல்லிய பாலிதீன் உறை போதாது. கையில் பட்டால் துடைத்துவிட்டுச் சோப்பும் தண்ணீரும். தின்னரால் கழுவினால் அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் கொண்டுபோகும். கண்ணாடியும் கட்டாயம்.

சூடு. குவளையில் மொத்தமாக விட்ட கலவை தானே சூடேறிப் புகைந்து போகலாம். கலந்ததும் அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். புகைய ஆரம்பித்தால் திறந்த வெளியில் மணல்மேல் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

மிச்சத்தைக் கால்வாயில் கொட்டாதீர்கள். பாலாற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வாங்கிய பகுதி இது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டின் சட்டத்தில் உறுதிப்பட்டது நம் ஊர் வழக்கில்தான். ரெசினும் ஹார்டனரும் மிஞ்சினால் சரியான விகிதத்தில் கலந்து இறுகவைத்து, கட்டியாக அகற்றுங்கள்.

வெயிலும் மழையும்

வேலூர்க் கத்திரி வெயிலில் 40 டிகிரி சாதாரணம். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கைவசமுள்ள நேரம் ஏறத்தாழ பாதியாகும். டப்பாவில் எழுதியுள்ள நேரம் 25 டிகிரிக்கு உரியது. மே மாதத்தில் காலை ஆறு மணிக்குக் கலவையைத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். பொடி மூட்டையையும் தகரக் கூரையின்கீழ் வைக்காமல் முந்தைய இரவே நிழலுக்கு மாற்றுங்கள், ஏனென்றால் சுட்ட பொடி கலவையையும் சுடவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் வேறு. ஈரக்காற்றில் இறுகும் பரப்பில் மெழுகுபோல் ஒரு படலம் வரும். அடுத்த பூச்சுக்கு முன் வெந்நீரால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் போட்டாக வேண்டும்.

செய்முறை 1: பிக்கிள் டிரம்முக்குக் கீழே குழியை அடைத்தல்

குழி 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கனஅளவு 900 க.செ.மீ. தேவை: ரெசின் 290 கிராம், ஹார்டனர் 29 கிராம், 1–2 மி.மீ. சிலிக்கா மணல் 1,000 கிராம், சிறுமணல் 400 கிராம், சிலிக்காத் தூள் 200 கிராம். முதல் பூச்சுக்குத் தனியாக ரெசின் 30, ஹார்டனர் 3.

1. டிரம்மை நிறுத்தி, மின்இணைப்பைத் துண்டித்து, எவரும் போடாதபடி பூட்டுங்கள்.
2. அமிலம் தின்ற கான்கிரீட்டை உளியால் கொத்தி எடுங்கள். சுத்தியால் தட்டினால் கணீரென்று கேட்கும்வரை விடாதீர்கள். பொத்தென்று கேட்டால் இன்னும் உள்ளே அழுகல் உண்டு.
3. குழியின் ஓரத்தைச் செங்குத்தாக, குறைந்தது 1 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். ஓரத்தில் காகிதம்போல் மெலிந்து முடியும் பூச்சுதான் முதலில் பெயரும்.
4. சலவைத்தூள் போட்டுக் கொழுப்பைத் தேயுங்கள். பிறகு தண்ணீர், பிறகு சலவைச் சோடாக் கரைசல், மறுபடி தண்ணீர். பிஎச் தாள் 7-க்கும் 8-க்கும் நடுவே காட்டும்வரை கழுவுங்கள்.
5. இரண்டு நாள் காயவிடுங்கள். பாலிதீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உள்ளே நீர்த்துளி தெரிந்தால் இன்னும் நாள் வேண்டும்.
6. மணல் இரண்டையும் தூளையும் உலர்ந்தபடியே கலந்து தயாராக வையுங்கள்.
7. முதல் பூச்சுக்கான ரெசினைப் பொடியில்லாமல் கலந்து தூரிகையால் குழி முழுவதும், ஓரங்களிலும் தேயுங்கள்.
8. அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே காரையைக் கலக்குங்கள். ரெசினும் ஹார்டனரும் முதலில், மூன்று நிமிடம், ஓரமும் அடியும் சுரண்டி. வேறு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம். அதன்பிறகே பொடி, நான்கு தவணையில்.
9. குழியில் இட்டு மரக்கட்டையால் குத்திக் கெட்டிப்படுத்துங்கள். கரணையைத் தண்ணீரிலோ தின்னரிலோ தோய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்துத் தேயுங்கள்.
10. இருபத்துநான்கு மணி நேரம் காலடி படக் கூடாது. அமிலம் ஏழு நாளுக்குப் பின்.

எச்சரிக்கை: அடர்ஃபார்மிக் அமிலக் கேன் வைக்கும் இடத்தில் சாதாரண எபாக்ஸியை நம்பாதீர்கள். எந்தப் பொடி போட்டாலும் அந்த அமிலம் ரெசினையே தின்னும். கேனைப் பிளாஸ்டிக் தட்டுக்குள் வையுங்கள்.

செய்முறை 2: சோல் மாதிரி அச்சு

புது வடிவச் சோலை நாலைந்து ஜோடி பி.யு.வில் (பாலியூரித்தேன்) வார்த்துப் பார்க்க அலுமினிய எபாக்ஸி அச்சு போதும். பி.யு. வினைபுரியும்போது வரும் சூட்டை அலுமினியம் இழுத்து வெளியேற்றும். சாக் போட்ட அச்சில் சூடு தேங்கிச் சோல் ஒரேமாதிரி வராது.

1. மூலச் சோலில் மெழுகு நாலு முறை பூசி, ஒவ்வொரு முறையும் துடைத்து மெருகேற்றுங்கள். அவசரப்பட்டால் மூலமும் அச்சும் ஒன்றாகிவிடும்.
2. முகப்பூச்சு: ரெசின் 100, ஹார்டனர் 10, நைஸ் அலுமினியத் தூள் 80, ஃபியூம்டு சிலிக்கா 3. தூரிகையால் குத்தியபடி பூசுங்கள். எழுத்தும் கோடும் உள்ள இடத்தில் காற்றுக் குமிழி பதுங்கும்.
3. விரல் ஒட்டும், ஆனால் கையில் வராத பதத்தில் பின்நிரப்பு: ரெசின் 100, ஹார்டனர் 10, சற்றுப் பெருவெட்டு அலுமினியம் 180. ஒரு தடவைக்கு 1.5 செ.மீ. கனம் மட்டும். சூடு தணிந்தபின் அடுத்தது. ஒரே ஊற்றில் நிரப்பினால் அச்சு கோணும்.
4. இரண்டு நாள் விட்டுப் பிரியுங்கள். பி.யு. ஊற்றும் முன் அதற்குரிய பிரிப்பு மெழுகு கட்டாயம்.

அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். பி.யு.வுக்கு அது போதும். 150 டிகிரியில் அழுத்தும் ரப்பர் சோலுக்கு இந்த அச்சைக் கொண்டுபோகாதீர்கள். அச்சை வெட்டும்போது அலுமினியத் தூசி பறக்கும் இடத்தில் வெல்டிங்கும் கூடாது.

வில்லை தொங்கவிடுங்கள்

எந்தப் பெரிய வேலைக்கும் முன் நான் விடாமல் செய்வது இது. பழைய பாட்டில் மூடியில் உத்தேசக் கலவையைச் சிறு வில்லையாக வார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இறுகவிட்டு, எடைபோட்டு, நைலான் நூலில் கட்டி, உங்கள் கூடத்தில் உண்மையில் சிந்துகிற அந்தத் தண்ணீரிலேயே ஏழு நாள் தொங்கவிடுங்கள்: ஒன்று பிக்கிளில், ஒன்று சுண்ணாம்பில், ஒன்று வெறும் தண்ணீரில். எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடை பாருங்கள். எடை குறைந்து பரப்பு சொரசொரத்தால் பொடி கரைகிறது. எடை கூடி வில்லை இளகியிருந்தால் ரெசின் தண்ணீர் குடிக்கிறது. ஹார்டனர் கணக்கை மறுபடி பாருங்கள்.

வில்லையின் பின்புறம் பொடியின் பெயர், வாங்கிய கடை, விகிதம், தேதி நான்கையும் ஆணியால் கீறிவையுங்கள். அடுத்த வார விடுமுறையில் தரை வேலை இருக்கிறதென்றால், வில்லையை இன்றே வார்த்தாலும் நேரம் போதாது. வேலையை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.